சிபாப் மெஷினா, நாக்குப் பயிற்சியா? ஸ்லீப் ஆப்னியா ரிப்போர்ட்டோடு யோசிப்பவர்களுக்கு

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவதுதான் ஸ்லீப் ஆப்னியா. அதைக் கண்டுபிடிக்கும் ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட் வந்ததும் டாக்டர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "சிபாப் மெஷின் வாங்கிடுங்க." இனி தினமும் ராத்திரி, காற்றை அழுத்தித் தள்ளும் அந்த மெஷினின் மாஸ்க்கை முகத்தில் மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும் என்று கேட்டதும் மனசு வேறு வழி தேட ஆரம்பித்துவிடும். அன்றைக்கே யூட்யூபில் தேடினால் நாக்கை நீட்டு, மடக்கு, 'ஆ' சொல்லு, பலூன் ஊது என்று வரிசையாக வீடியோக்கள் வந்து நிற்கும். "ஏழே நாளில் குறட்டை காலி" என்று சத்தியம் செய்பவையும் அதில் இருக்கும். அதை நம்பி மெஷினையே வாங்காமல் விட்டவர்கள் உண்டு. இதெல்லாம் ஏமாற்று வேலை என்று மொத்தமாக ஒதுக்கித் தள்ளியவர்களும் உண்டு. இரண்டு தரப்புமே கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வாய்க்கும் தொண்டைக்கும் கொடுக்கும் பயிற்சி வேலை செய்கிறது என்பதற்கு முறையான ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அது எவ்வளவு வேலை செய்கிறது, யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்பதை மற்ற வழிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

ரிப்போர்ட்டில் பக்கம் பக்கமாக வரைபடங்கள் இருந்தாலும் முடிவெடுக்க முதலில் வேண்டியது இரண்டு எண்கள். ஒன்று ஏ.எச்.ஐ. தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு பத்து விநாடிக்கு மேல் நின்றது அல்லது கணிசமாகக் குறைந்தது என்ற கணக்கு அது. ஐந்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் போனால் கடுமையானது. இன்னொன்று, ராத்திரியில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு எவ்வளவு கீழே இறங்கியது, எவ்வளவு நேரம் 90 சதவீதத்துக்குக் கீழே கிடந்தது என்பது. ஏ.எச்.ஐ. 20 இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு ஆக்சிஜன் 88-க்குக் கீழே போயிருக்காது, இன்னொருவருக்கு 72 வரை இறங்கியிருக்கும். இந்த இரண்டு பேரும் ஒரே மாதிரி முடிவெடுக்கக் கூடாது.

ரிப்போர்ட்டில் 'அப்ஸ்ட்ரக்டிவ்' என்று போட்டிருக்கிறதா, 'சென்ட்ரல்' என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். முதல் வகையில் மூளை மூச்சு விடச் சொல்கிறது, தொண்டை அடைத்துக்கொள்கிறது. இரண்டாவதில் மூளையிலிருந்து கட்டளையே வருவதில்லை. இதயம் பலவீனமானவர்களிடமும் சில வலி மாத்திரைகள் சாப்பிடுபவர்களிடமும் அதைக் காணலாம். சென்ட்ரல் வகைக்கு நாக்குப் பயிற்சியால் பிரயோஜனம் இல்லை. இனி நான் சொல்வதெல்லாம் அப்ஸ்ட்ரக்டிவ் வகைக்குத்தான்.

தொண்டை ஏன் அடைக்கிறது? மூக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரைக்கும் உள்ள பாதைக்கு எலும்புச் சட்டம் கிடையாது. நாக்கு, மெல்லண்ணம் (வாயின் மேற்கூரையில் பின்னால் உள்ள மென்மையான பகுதி), உள்நாக்கு, பக்கச் சுவர்கள் என்று எல்லாமே தசை. விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் பாதையை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். தூங்கியதும் தளர்ந்துவிடும், கனவு வரும் கட்டத்தில் இன்னும் தளரும். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும். கழுத்தில் கொழுப்பு இருந்தால் பாதை ஏற்கனவே குறுகலாக இருக்கும், கீழ்த்தாடை சிறியதாக இருந்தாலும் அப்படியே. உறிஞ்ச உறிஞ்ச ஒட்டிக்கொள்ளும் காகித ஸ்ட்ரா மாதிரி, மூச்சை இழுக்கும் வேகத்திலேயே பாதை மூடிக்கொள்கிறது.

அப்படியானால் தசையைப் பலப்படுத்தினால் பாதை திறந்தே இருக்காதா? பயிற்சிக்காரர்களின் வாதமே அதுதான். வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழுதாக இல்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேனி எக்கர்ட்டின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நாக்கின் முக்கியத் தசை தூக்கத்தில் சரியாக ஈடுகொடுக்காதவர்கள் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களில் சிலருக்கு லேசான தொந்தரவுக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சிலருக்கு மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளையின் ஏற்பாடு அளவுக்கு மீறித் துடிக்கிறது. பாதையே ரொம்பக் குறுகலாக இருப்பவர்களும் உண்டு. ஒரே பயிற்சி பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்து உங்களுக்குப் பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரேசிலில் என்ன செய்தார்கள்

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு சாவோ பாவ்லோவில் நடந்தது. காட்டியா கிமாராயிஸ் என்ற ஸ்பீச் தெரபிஸ்ட் உருவாக்கிய பயிற்சிகளை வைத்து 2009-இல் வெளியானது. நடுத்தர அளவு ஆப்னியா உள்ள 31 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூன்று மாதம், தினம் சுமார் அரை மணி நேரம் வாய், நாக்கு, தொண்டைப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு ஆழ்ந்து மூச்சு விடும் பயிற்சியும் மூக்கை உப்பு நீரால் கழுவுவதும்.

நாக்குப் பயிற்சி செய்தவர்களின் சராசரி ஏ.எச்.ஐ. 22.4-இலிருந்து 13.7-க்கு வந்தது. அந்தக் குழுவில் இருந்த 16 பேரில் 8 பேர் லேசான நிலைக்கு இறங்கினார்கள், 2 பேர் நோய் இல்லாத நிலைக்கே வந்தார்கள். குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன. உடல் எடை மாறவில்லை, ஆனால் கழுத்துச் சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் போலக் குறைந்தது. மூச்சுப் பயிற்சி செய்த குழுவில் முன்னேற்றம் இல்லை.

இந்தக் கடைசி வரியை நம் ஊரில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "பிராணாயாமம் பண்ணுங்க, ஆப்னியா போயிடும்" என்று சொல்பவர்கள் அதிகம். பிராணாயாமத்துக்கு வேறு நல்ல பலன்கள் இருக்கலாம், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அமைதியாக உட்கார்ந்து மூச்சை ஆழமாக இழுத்து விடுவது நாக்கின் அடித்தசையையும் மெல்லண்ணத்தையும் வேலை வாங்குவதில்லை. அந்த ஆய்வில் அதைத்தான் பலன் தராத ஒப்பீட்டுப் பயிற்சியாகவே வைத்திருந்தார்கள்.

இதே எண்களை இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். 13.7 என்பது இன்னும் நோய் உள்ள எண்தான், அதுவும் நடுத்தரத்தின் வாசலில் நிற்கிறது. 16 பேரில் 6 பேர் இருந்த இடத்திலேயே நின்றார்கள். ராத்திரியில் ஆக்சிஜன் தொட்ட மிகக் குறைந்த அளவு சராசரியாக 83 சதவீதத்திலிருந்து 85-க்குத்தான் ஏறியது. மிக அதிக எடை உள்ளவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை.

2015-இல் மக்காரியோ கமாச்சோவின் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோதும் கிட்டத்தட்ட அதே படம்தான். பெரியவர்கள் 120 பேரில் சராசரி ஏ.எச்.ஐ. 24.5-இலிருந்து 12.3, அதாவது பாதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்பது ஆய்வுகளையும் சேர்த்தே 120 பேர்தான் என்பதைக் கவனியுங்கள். 2020-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இதை அலசியபோது பகல் தூக்கக் கலக்கம் குறைய வாய்ப்பிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. மற்ற பலன்களில் பலவற்றுக்கு ஆதாரம் வலுவாக இல்லை என்றும் சொன்னது.

பயிற்சிகள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் கற்பனை செய்வது போல நாக்கை வெளியே நீட்டி ஆட்டுவது அல்ல. நாக்கு நுனியை மேல் பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் அழுத்தி, அப்படியே பின்னோக்கி இழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்புறம், முழு நாக்கையும் மேலண்ணத்தில் ஒட்டி உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். அடுத்து, நுனி கீழ்ப்பற்களைத் தொட்டபடி இருக்க நாக்கின் அடிப்பகுதியைக் கீழே அழுத்த வேண்டும். 'ஆ' என்று சொல்லி உள்நாக்கும் மெல்லண்ணமும் மேலே எழும்படி செய்ய வேண்டும்; கண்ணாடியில் பார்த்துச் செய்தால்தான் எழுகிறதா என்று தெரியும். விரலைக் கன்னத்துக்குள் வைத்து வெளியே தள்ள, கன்னத் தசை அதை எதிர்த்து உள்ளே தள்ள வேண்டும். மூக்கால் மூச்சை இழுத்து, பலூனை வாயிலிருந்து எடுக்காமல் ஐந்து முறை ஊதுவதும் உண்டு. சாப்பிடும்போது இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுவதும் பயிற்சியில் சேர்த்தி.

அரை மணி நேரம் யாருக்கு முடியும் என்று கேட்டால், அதே சாவோ பாவ்லோவிலிருந்து 2015-இல் வந்த இன்னொரு ஆய்வில் பயிற்சிகளைச் சுருக்கி, எட்டு எட்டு நிமிடமாக தினம் மூன்று வேளை என்று ஆக்கினார்கள். குறட்டைக்காரர்களும் லேசான, நடுத்தர ஆப்னியா உள்ளவர்களுமாக 39 பேர். குறட்டையின் எண்ணிக்கை 36 சதவீதமும், சத்தத்தின் மொத்த அளவு 59 சதவீதமும் குறைந்தன. பல் தேய்க்கும்போது ஒரு முறை, மதியம் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் நடக்கக்கூடிய காரியம்தான்.

இதில் வேடிக்கையான ஒரு கிளைக்கதையும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்ற நீளமான ஊதுகுழலை வாசிக்கக் கற்றுக்கொடுத்த அலெக்ஸ் சுவாரஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், அதை வாசிக்கத் தொடங்கியபின் தன் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்ததைக் கவனித்தார். அங்குள்ள டாக்டர்கள் 25 பேரை வைத்து நான்கு மாதம் சோதித்து, 2006-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வாசித்தவர்களின் ஏ.எச்.ஐ. உண்மையிலேயே குறைந்தது, பக்கத்தில் படுத்தவர்களும் நிம்மதியாகத் தூங்கினார்கள். 2017-இல் அவர்களுக்குச் சமாதானத்துக்கான இக்நோபல் பரிசு (சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது) கிடைத்தது, பொருத்தமான பிரிவுதான். 2012-இல் இசைக் கலைஞர்களிடம் நடத்திய இன்னொரு கணக்கெடுப்பில், ஓபோ, பசூன் போன்ற இரட்டை நாணல் வாத்தியக்காரர்களுக்கு ஆப்னியா அபாயம் குறைவாகத் தெரிந்தது. சீவாளி வைத்த நம் நாதஸ்வரமும் அதே ஜாதிதான். அதற்காகக் குறட்டையை நிறுத்த நாதஸ்வரம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால், அக்கம்பக்கத்தார் குறட்டையே தேவலை என்பார்கள்.

மெஷின் எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது

சிபாப்பின் கதை 1980-இல் சிட்னியில் தொடங்குகிறது. கொலின் சல்லிவன் என்ற டாக்டர், தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைத் திருப்பி மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளிப் பார்த்தார். அழுத்தம் உள்ள காற்று தொண்டையை உள்ளிருந்து விரித்துப் பிடித்தது, முதல் ராத்திரியே மூச்சடைப்பு நின்றது. ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். மாஸ்க்கை ஒழுங்காகப் போட்டிருக்கும் வரைக்கும், ஏ.எச்.ஐ. 60 இருந்தவருக்குக்கூட ஐந்துக்குக் கீழே கொண்டுவரும் வலு இந்தக் கருவிக்கு உண்டு. பயிற்சி, பல் கருவி இரண்டாலும் இதை எட்ட முடிவதில்லை.

சிக்கல் "போட்டிருக்கும் வரைக்கும்" என்பதில் இருக்கிறது. மாஸ்க் மூக்குத் தண்டில் அழுத்தும், வாய் வறளும், ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். மின்சாரம் போனால் மெஷினும் நிற்கும், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் அது பெரிய விஷயம். ஒரு ராத்திரிக்கு நான்கு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் போட்டாலே "ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்" என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். அதையே எட்டாதவர்கள் ஏராளம். இதய, மூளை ரத்தநாள நோய் ஏற்கனவே உள்ள 2,717 பேரை வைத்து, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்து 2016-இல் முடிவு வெளியான 'சேவ்' என்ற ஆய்வில், சிபாப் கொடுத்தவர்கள் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் போட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. பகல் தூக்கமும் மனநிலையும் மட்டும் தேறின. 3.3 மணி நேரம் போட்டால் மீதி ராத்திரி தொண்டை அதன் பாட்டுக்கு அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

செலவு? இந்தியாவில் மெஷின் ஏறத்தாழ 30,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் மாடல்களுக்கு இன்னும் கூடும். மாஸ்க்கும் ஃபில்டரும் அவ்வப்போது மாற்ற வேண்டும். பழைய மெஷினை ஓ.எல்.எக்ஸில் பார்த்து ஆசைப்படுபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம், உள்ளே இருக்கும் சத்தம் குறைக்கும் நுரைப்பொருள் சிதையக்கூடும் என்று பல மாடல்களை உலக அளவில் திரும்பப் பெற்றது. மாடல் எண்ணைச் சரிபார்க்காமல் பழையது வாங்காதீர்கள். வாடகைக்குத் தரும் கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. ஒரு மாதம் வாடகைக்கு எடுத்து, இரண்டு மூன்று மாஸ்க் மாற்றிப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பயிற்சியும் மெஷினும் எதிரிகள் என்று நினைப்பதால்தான் இந்தக் கேள்வியே சிக்கலாகிறது. பிரேசிலிலேயே 100 ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வில், சிபாப்போடு வாய்ப் பயிற்சியும் செய்தவர்கள், சிபாப் மட்டும் பெற்றவர்களைவிட மெஷினை அதிகம் பயன்படுத்தினார்கள். மெஷினை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பல் டாக்டர் செய்து தரும் கருவி

இதைப் பற்றி நம் ஊரில் போதுமான பேச்சே இல்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் அச்சு எடுத்துச் செய்யும் இந்த ட்ரே, தூங்கும்போது கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளிப் பிடிக்கும். தாடையோடு நாக்கும் முன்னால் வரும், பின்னால் வழி திறக்கும். ஏ.எச்.ஐ.யைக் குறைப்பதில் சிபாப் அளவுக்கு வராது. ஆனால் சத்தமில்லை, மின்சாரம் வேண்டாம், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகலாம். அதனால் ராத்திரி முழுக்கப் போட்டிருக்கிறார்கள். சிபாப் அதிக வலு, குறைந்த நேரம். இது குறைந்த வலு, அதிக நேரம். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2013-இல் வந்தது. ஒரு மாத முடிவில் ரத்த அழுத்தம், பகல் தூக்கம் போன்றவற்றில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே வந்தன.

லேசான, நடுத்தர ஆப்னியாவுக்குப் பயிற்சியைவிட இதற்கு ஆதாரம் வலு. ஆனால் ஆடும் பற்கள், பல்செட், தாடை மூட்டு வலி இருந்தால் ஒத்துவராது. வருடக்கணக்கில் போட்டால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தும் விதம் கொஞ்சம் மாறும். ஆன்லைனில் விற்கும், வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் ரகத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எடை, படுக்கும் வாகு, மற்றவை

எடை பற்றி யாரும் சொல்லாமலே தெரியும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தவர்களிடம், எடை பத்து சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறையும் என்று கணக்கு வந்தது. ஏறினால் இதைவிட வேகமாக ஏறும், 32 சதவீதம். அதாவது 80 கிலோ ஆள் 8 கிலோ குறைப்பதன் பலனும், நாக்குப் பயிற்சியின் பலனும் தனித்தனியே பார்த்தால் மெஷினை எட்டாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் நடுத்தரத்திலிருந்து லேசானதற்கு இறங்க வாய்ப்புண்டு. எடை குறைக்கும் ஊசி டிர்செப்படைடை 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., பருமனோடு நடுத்தர, கடும் ஆப்னியா உள்ளவர்களுக்கென்றே அனுமதித்தது. ஓர் ஆண்டு ஆய்வில் ஏ.எச்.ஐ. மணிக்கு 25-க்கு மேல் குறைந்திருந்தது. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் சர்க்கரை நோய்க்கும் பருமனுக்கும் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. மாதச் செலவு கனமானது, நிறுத்தினால் எடை திரும்பும், டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தொடக் கூடாது. பருமன் இல்லாத ஆப்னியாக்காரருக்கு இது சம்பந்தமில்லாத சமாச்சாரம்.

மல்லாந்து படுத்தால் மட்டும் அடைக்கிறது என்றால் ரிப்போர்ட்டிலேயே தனியாகப் போட்டிருப்பார்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது ஏ.எச்.ஐ. ஐந்துக்குள் இருந்தால் முதுகில் பந்து வைத்துத் தைத்த பனியனே பாதி வைத்தியம். மது, தூக்க மாத்திரை இரண்டும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். மூக்கடைப்பு இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். மூக்கு அடைத்தவருக்குப் பயிற்சியும் சரிவராது, மாஸ்க்கும் சரிவராது.

அறுவை சிகிச்சை என்றால் உள்நாக்கையும் மெல்லண்ணத்தையும் வெட்டித் திருத்துவது பழைய முறை. பெரிய டான்சில் உள்ளவர்களுக்கு நல்ல பலன், மற்றவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல முடியாத பலன். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை மார்பில் பொருத்துவதற்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் விலையைக் கேட்டால் பெரும்பாலோர் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுவார்கள். பகலில் 20 நிமிடம் நாக்கில் வைத்து மின் தூண்டுதல் கொடுக்கும் கருவி ஒன்றுக்கும் 2021-இல் லேசான ஆப்னியாவுக்கு அனுமதி தந்தார்கள். நாக்குப் பயிற்சியைச் சோம்பேறிகளுக்காக இயந்திரமாக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. குழந்தை வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினால் யூட்யூபைத் திறக்க வேண்டாம். பெரும்பாலும் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும்தான் காரணம். 2013-இல் வந்த அமெரிக்க ஆய்வில், அறுவை சிகிச்சை செய்த குழந்தைகளில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் ஸ்லீப் ஸ்டடி சரியானது. சும்மா கவனித்து வந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. எதற்குக் காத்திருப்பது, எதை வெட்டுவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பிறகும் வாயால் மூச்சு விடும் பழக்கம் போகாத குழந்தைகளுக்குப் பயிற்சி உதவும்.

யாருக்கு எது

ஏ.எச்.ஐ. 9, ஆக்சிஜன் 87-க்குக் கீழே போகவில்லை, பகலில் தூக்கமில்லை, மனைவி அடுத்த அறைக்குப் போய்விட்டார் என்பது மட்டும்தான் பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். இவர் மூன்று மாதம் பயிற்சி செய்யலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், கொஞ்சம் எடை குறைக்கலாம். இவரை உடனே மெஷின் வாங்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. செலவில்லாமல் பக்க விளைவில்லாமல் ஒரு வழி இருக்கும்போது அதைத்தான் முதலில் முயல வேண்டும்.

ஏ.எச்.ஐ. 22, ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, மதியம் ஆபீஸில் கண் சொக்குகிறது. இவர்தான் அந்த பிரேசில் ஆய்வில் இருந்தவர்களைப் போன்றவர், அதனால் பயிற்சி மட்டும் போதும் என்று முடிவெடுக்கத் தூண்டுதல் அதிகம். நான் இவருக்குச் சொல்வது: சிபாப் அல்லது பல் கருவியை இப்போதே தொடங்குங்கள், பயிற்சியைக் கூடவே செய்யுங்கள். பயிற்சி பலிக்குமா என்று தெரியும்வரை மூன்று மாதம் ரத்த அழுத்தத்தைத் தவிக்க விட வேண்டியதில்லை. பலித்தால் மெஷினை விடுவதைப் பற்றி டாக்டரோடு பேசலாம், மெஷினின் காற்றழுத்தத்தையாவது குறைக்கலாம்.

ஏ.எச்.ஐ. 48, ஆக்சிஜன் 70-களில், லாரியோ காரோ ஓட்டுபவர் என்றால் விவாதத்துக்கே இடமில்லை. மெஷின்தான். ஸ்டியரிங்கில் ஒரு முறையாவது கண் மூடியிருந்தால், எண் என்னவாக இருந்தாலும், சிகிச்சை பலன் தரும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. பயிற்சியைச் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் 48 பாதியானாலும் 24, அது நடுத்தரம்.

ஒல்லியாக இருந்தும் ஆப்னியா உள்ளவர்கள் நம்மிடையே கணிசம். அவர்களிடம் "எடையைக் குறைங்க" என்று சொல்லிவிட்டுப் போவதில் பிரயோஜனம் இல்லை. தாடை அமைப்பு காரணமாக இருந்தால் பல் கருவிதான் முதலில் பார்க்க வேண்டிய வழி, பயிற்சி கூடவே.

பயிற்சிதான் என்று முடிவெடுத்தால்

முதல் சில வாரம் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்வது நல்லது. இந்தியாவில் பேச்சு, கேட்டல் துறைப் பட்டம் பெற்றவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே இருப்பார்கள். எல்லோரும் ஆப்னியா பயிற்சியில் பழகியவர்கள் இல்லை, அதனால் போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். நாக்கை அண்ணத்தில் ஒட்டுவதாக நினைத்துக்கொண்டு தாடையை இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பக்கத்திலிருந்து பார்ப்பவர்தான் அதைக் கண்டுபிடிப்பார். வாயில் டேப் ஒட்டித் தூங்கும் மோஸ்தரை இதோடு சேர்க்காதீர்கள். மூக்கு அடைத்திருக்கும் ஆளுக்கு அது ஆபத்து.

பயிற்சியை நிறுத்தினால் பலனும் கரையும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தசைக்கும் அதுதான் விதி. வாழ்நாள் முழுக்க மாஸ்க் வேண்டாம் என்று வந்தவர், அதற்குப் பதிலாக வாழ்நாள் முழுக்க தினம் இருபது நிமிடத்தைக் கொடுக்கிறார். இது எனக்கு மலிவான பேரமாகத்தான் தெரிகிறது, ஆனால் பேரம்தான். தினம் வாக்கிங் போகிறேன் என்று தொடங்கி இரண்டாவது வாரம் நிறுத்தியவர் இந்த இடத்தில் தன்னைப் பற்றி உண்மையாக யோசிக்க வேண்டும்.

குறட்டை குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து நோய் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. சத்தம் அடங்கிய பிறகும் மூச்சு நிற்பது தொடரலாம், வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை ராத்திரியில் எழுந்து ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பதிலும் அர்த்தமில்லை. விழித்திருக்கும்போது எண் சரியாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுத்தாக வேண்டும், வீட்டிலேயே எடுப்பதாக இருந்தாலும் சரி. அப்படி எடுக்கும்போது முதல் தடவை எந்த வகைச் சோதனையோ அதே வகையாக இருக்கட்டும். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து, ஏ.எச்.ஐ.யைப் பார்க்கும் முன் மல்லாந்து படுத்த நேரம் எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். முதல் ராத்திரி பாதி நேரம் மல்லாந்தும், இரண்டாவது முழுக்க ஒருக்களித்தும் படுத்திருந்தால், ஒரு பயிற்சியும் செய்யாமலே எண் இறங்கியிருக்கும். அப்போது மல்லாந்த நிலைக்கான ஏ.எச்.ஐ. என்று தனியே போட்டிருக்கும் எண்ணை இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒப்பிடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.